காளத்தி மார்க் சுண்ணாம்பு

தேசப்பனின் அப்பா பெயர் காளத்தி. முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்காமல் போகவே, அடுத்தது தங்கினால் உன் ஊர்ப் பெயரையே வைக்கிறோம் என்று காளத்திநாதரை வேண்டிக்கொண்டார்கள். பிள்ளை தங்கியது, பெயரும் தங்கியது. கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடிக்கத்தான் அந்தக் குடும்பத்துக்குக் கைகூடவில்லை. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து காளத்தி ஒன்றும் காசி ராமேசுவரம் இல்லை. ஆனால் மீன்பாடு இருக்கும்போது நேரம் இருக்காது, பாடு இல்லாதபோது போக மனசு இருக்காது. தன் பெயருள்ள ஊரைக் கண்ணால் பார்க்காமலே மனிதர் போய்ச் சேர்ந்தார்.

வலையை விட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கு வந்தவர் அவர். ஏரியில் கிளிஞ்சல் அள்ள அள்ளக் குறையாது. மற்றவர்கள் அதைச் சுட்டுச் சுவருக்குப் பூச விற்றார்கள். காளத்தி மட்டும் வெற்றிலைக்கென்று செய்தார். சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீர் தெளித்துப் பொரியவிட்டுத் தாளித்து, பானையில் தண்ணீருக்கடியிலேயே ஊறப் போட்டு, சூடு சாகும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, மெல்லிய துணியில் வடிகட்டுவார். அவசரப்பட்டால் சுண்ணாம்பு வாயை வேகவைத்துவிடும். அவர் அவசரப்பட்டதே இல்லை. காவடி கட்டி இரண்டு பானைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கவரப்பேட்டை, பொன்னேரி என்று தெருத்தெருவாகப் போவார். சுண்ணாம்பு வந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள், காளத்தி வந்தானா என்றுதான் கேட்பார்கள்.

தேசப்பன் அதை டப்பாவில் அடைத்தார். கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் பின்னால் கொட்டகை போட்டு, தொட்டி கட்டி, சின்னத் தகர டப்பாவில் நிரப்பி லேபிள் ஒட்டினார். லேபிளில் காவடியோடு அப்பா நின்றார். பொன்னேரி அச்சகத்துக்காரர் போட்ட படம், முகம் யாரோ போலீஸ்காரர் முகம் போல இருந்தது. கீழே ‘காளத்தி மார்க் தாம்பூலச் சுண்ணாம்பு’ என்று சிவப்பு எழுத்து. வடக்கே ஆரம்பாக்கம், சூலூர்ப்பேட்டை வரைக்கும், தெற்கே மீஞ்சூர் வரைக்கும் கடைகளில் அந்த டப்பா உட்கார்ந்தது. தேசப்பனுக்கு அதற்கு மேல் ஆசையில்லை. கொட்டகை வாசலில் நின்று, ரயிலில் ஏறப் போகும் மூட்டையைப் பார்த்து, நைனா கிளம்பிட்டாரு என்று பெண்டாட்டி மணியம்மாளிடம் சொல்வார். அந்த அம்மாளும் சலிக்காமல் சிரிப்பாள்.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஒரே மகள் அங்காளம்மாளை மீஞ்சூரில் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை குப்புராஜ், சொந்தத்தில்தான், நல்ல பிள்ளை. அப்பா இல்லாத வீடு. அம்மா அஞ்சம்மாள் வைத்ததுதான் சட்டம். தேசப்பன் போட்ட நகை ஏதோ ஊருக்குச் சமம், அவ்வளவுதான். சபையில் தலை நிமிர வேண்டும் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து நொந்தார், ஆனால் அன்றைக்கு அதைப் போல அழகான காரியம் வேறு எதுவும் இல்லை. சீர்த் தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ இவற்றின் நடுவே காளத்தி மார்க் லேபிள் கட்டு ஒன்றை வைத்தார். பொன்னேரிக்குத் தெற்கே இனிமேல் இந்தப் பெயர் மாப்பிள்ளையுடையது, அவரே அடைத்து அவரே விற்றுக்கொள்ளட்டும் என்று சபையில் சொன்னார். நிலத்தைக் கொடுப்பவன் உண்டு, படகில் பங்கு கொடுப்பவன் உண்டு, அப்பன் பெயரையே சீராகக் கொடுத்தவன் உண்டா என்று குப்பத்தார் மெச்சினார்கள். அஞ்சம்மாளே எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

தாம்பூலத்தோடு கொடுத்தது கொடுத்ததுதான். அந்தக் குப்பங்களில் சீரைத் திரும்பக் கேட்கும் சமயம் ஒன்றே ஒன்று. கட்டின பெண்ணை வேண்டாமென்று தீர்த்துவிடும்போது பஞ்சாயத்தார் முன்னால் கொடுத்ததை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பார்கள், கடைசியில் பெண்ணும் அப்பன் பக்கம் வந்து நிற்பாள். அதனால் உறவு நன்றாக இருக்கிற வீட்டில் சீரைப் பற்றிய பேச்சையே எடுக்கமாட்டார்கள். அது எங்கே, இது எப்படி இருக்கிறது என்று விசாரித்தால்கூட அபசகுனம்.

மூன்று வருஷம் நன்றாகவே போயிற்று. குப்புராஜ் முதலில் மாமனாரிடமே பீப்பாயில் சுண்ணாம்பு வாங்கி அடைத்தான். பிறகு போக்குவரத்து சள்ளையாக இருக்கிறதென்று எண்ணூர்ப் பக்கத்துச் சூளையிலேயே வாங்கிக்கொண்டான். சரக்கு சுமார்தான், ஆனாலும் பழுதில்லை.

அப்புறம்தான் மதராஸ் கொத்தவால்சாவடியிலிருந்து இன்னொரு காளத்தி வந்தது. ஆதிநாராயணன் என்ற மொத்த வியாபாரி அடைத்த டப்பா. லேபிளில் கோபுரம், கீழே அதே சிவப்பில் ‘காளத்தி சுண்ணாம்பு’. கிளிஞ்சல் இல்லை, கல் சுண்ணாம்பு. சரியாக ஊறவும் விடவில்லை. விலையோ குறைச்சல். கவரப்பேட்டையில் ஒரு பெண்பிள்ளை நாக்கு பொத்துப் போய் மூன்று நாள் கஞ்சி குடிக்க முடியாமல் கிடந்தாள். அவள் புருஷன் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகத் தேசப்பன் கொட்டகைக்கு வந்தான். கொத்தவால்சாவடி அவனுக்கு எங்கே தெரியும். கும்மிடிப்பூண்டிதான் கிட்டே இருந்தது. அவன் காளத்தியை, செத்துப் போன மனிதரை, வாய்க்கு வந்தபடி ஏசினான். தேசப்பன் லேபிளைக் காட்டி, கோபுரத்தைக் காட்டி, காவடியைக் காட்டி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நாக்கு பொத்துப் போனவளின் புருஷனுக்குப் படத்தைப் பார்க்க ஏது பொறுமை?

தேசப்பன் கொத்தவால்சாவடிக்கே போனார். ஆதிநாராயணன் உட்காரச் சொல்லி சோடா வாங்கிக் கொடுத்தார். தனக்குக் கல் வருவது காளத்திப் பக்கத்திலிருந்துதான் என்றும், காளத்தியிலிருந்து வருவதைக் காளத்தி என்று போடாமல் கும்பகோணம் என்றா போடுவது என்றும் கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, நியாயமாகவே கேட்டார். தேசப்பன் சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அநியாயக்காரனிடம் சண்டை போடலாம், நியாயம் பேசுகிறவனிடம் என்ன செய்வது.

பெயரைச் சர்க்காரில் பதிந்து வைத்துவிட்டால் வேறு யாரும் தொட முடியாது என்று கவரப்பேட்டைக் கடைக்காரர் மணவாளன் சொன்னார். அவரே மதராஸ் தம்புச்செட்டித் தெருவில் பூவராகவன் என்ற வக்கீலிடம் அனுப்பிவைத்தார். டிரேட் மார்க் பதிவது மட்டுமே அவருக்கு வேலை. மெலிந்த மனிதர், பொய் நம்பிக்கை கொடுக்காதவர். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, படம் சரி, பெயர்தான் சங்கடம் என்றார். ஊர்ப் பெயரை ஒருத்தருக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஊர்க்காரன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பிழைக்க முடியாமல் போய்விடுமே, அதனால் சட்டம் சுலபத்தில் கொடுக்காது.

“அது எங்க நைனா பேரு சாமி. ஊருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல. நாங்க யாரும் அங்க போனதுகூட இல்ல.”

“உங்களுக்கு அது அப்பா பேர், தேசப்பன். மத்தவா எல்லாருக்கும் ஊர்ப் பேர்.”

அதற்கும் ஒரு வழி உண்டு என்று பூவராகவன் விளக்கினார். ஊர்ப் பெயராகவே இருந்தாலும், சுண்ணாம்பு விஷயத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் ஜனங்களுக்கு ஊர் ஞாபகம் வராமல், இந்த ஒருத்தர் சரக்குத்தான் ஞாபகம் வருகிறது என்று நிரூபிக்க வேண்டும். ஒரே பெயர், ஒரே கை. அப்படி நிரூபித்தால் பதிவார்கள். தேசப்பனுக்கு உயிர் வந்தது. இதை நிரூபிக்க என்ன கஷ்டம்? அவர் சொந்தத் தெருவில் நின்று காளத்தி என்று கத்தினால் வெற்றிலைப் பெட்டியோடு பத்துப் பெண்கள் வெளியே வருவார்கள்.

விண்ணப்பம் போட்டு, எதிர்பார்த்தபடியே சர்க்காரிடமிருந்து ஆட்சேபம் வந்து, அதற்குப் பதில் போட்டு, வருஷங்கள் அரசாங்க நடையில் நடந்தன. சுண்ணாம்பில் காளத்தி என்றால் தேசப்பன் சரக்குத்தான் என்று மணவாளன் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். பொன்னேரிக் கடைக்காரர்கள் போட்டார்கள். சூலூர்ப்பேட்டைக்காரர் தெலுங்கிலேயே எழுதிக் கொடுத்தார். தேசப்பன் அந்தக் காகிதங்களைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போகும்போது, அப்பாவையே தூக்கிக்கொண்டு போவதாக அவருக்கு இருக்கும். மதராஸை நெருங்கி பேசின் பிரிட்ஜ் வந்ததும் கை தானாகத் துண்டை இறுக்கும்.

அதிகாரிகள் பெயரை அரசாங்கப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஆட்சேபிக்கிறவர்கள் வரலாம் என்றார்கள். ஆதிநாராயணன் வந்தார். அவர் தன் கோபுர லேபிளைக்கூடப் பெரிதாக நீட்டவில்லை. மீஞ்சூரில் வாங்கிய ஒரு டப்பாவை வைத்தார். காவடிப் படம், காளத்தி மார்க், அடைத்தவர் குப்புராஜ், மீஞ்சூர். ஒரே பெயர், ஒரே கை என்கிறாரே, இது யார் கை?

பூவராகவன் தேசப்பனை வரவழைத்துக் கேட்டார். அது மாப்பிள்ளை, சீராகக் கொடுத்தேன் என்றதும் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சீரைப் பற்றி வெளியாளிடம் எப்படிச் சொல்வது என்று தேசப்பனுக்கு உண்மையாகவே புரியவில்லை. யாராவது கேட்டார்களா, என்ன?

இனி இருப்பது இரண்டே வழி என்றார் வக்கீல். குப்புராஜ் அனுமதியில்லாமல் காப்பியடிக்கிறவன் என்று தேசப்பன் பிரமாணம் செய்து வழக்குப் போட வேண்டும். அது வேண்டாமென்றால், பெயர் மாமனாருடையது, எனக்கு அதில் எந்த உரிமையும் இல்லை, அவர் சொன்னபடி செய்கிறேன், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன் என்று குப்புராஜ் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வழியைத் தேசப்பன் காதிலேயே வாங்கவில்லை. இரண்டாவதைத் தட்டச்சு அடித்து வாங்கிக்கொண்டு மீஞ்சூரில் இறங்கினார்.

அங்காளம்மாளுக்கு அப்போது இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தேசப்பன் மாப்பிள்ளையிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். குப்புராஜுக்கு ஒரு தடையும் இல்லை. மதராஸ்காரன் சரக்கால் அவனுக்கும்தான் நஷ்டம். பேனாவைத் தேடி எடுத்து, எங்கே போடுவது மாமா என்று கேட்டான். அந்த நேரத்தில் அஞ்சம்மாள் வாசலில் செருப்பை விட்டாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகனைப் படித்துச் சொல்லச் சொன்னாள். எனக்கு எந்த உரிமையும் இல்லை என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேசப்பனும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார்.

“தட்டுல வெச்சி குடுத்தத திரும்ப எழுதி வாங்கினு போறீங்களா, அண்ணா? எங்க ஊட்ல இன்னா தப்பு நடந்துச்சி? சொல்லுங்க. பஞ்சாயத்த கூட்டியே பேசிடலாம்.”

அப்படி இல்லை சம்பந்தியம்மா, சர்க்கார் கேட்கிறது, பெயரைக் காப்பாற்றத்தான் என்று தேசப்பன் சொல்லச் சொல்ல, அவருக்கே அது சொத்தையாகக் கேட்டது. சீரைத் திரும்ப வாங்க வந்த ஒவ்வொரு அப்பனும் ஏதோ ஒரு காரணம் சொல்லித்தான் இருப்பான். குப்புராஜ் பேனாவை மூடியிருந்தான். அம்மாவைத் தாண்டி ஒரு கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை அவன். அதற்காக அவனைக் குறை சொல்லவும் முடியாது, அந்த வீட்டில் தாண்டியவர்கள் யாரும் இல்லை.

உள்ளேயிருந்து அங்காளம்மாள் வந்தாள். கையில் துணி மூட்டை. முதல் குழந்தை புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. உள்ளே பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பாதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அழவும் இல்லை.

“என்னை கூட்டினு போவத்தான் வந்தியா நைனா? முன்னாடியே சொல்லி இருக்கலாமில்ல. நான் இன்னா பண்ணேன்?”

தேசப்பன் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகினார். ஒன்றுமில்லை கண்ணு, கோர்ட்டுக் காகிதம், ஆள் மாறிக் கொண்டுவந்துவிட்டேன், உள்ளே போ என்றார். அஞ்சம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பெண் கொடுத்தவர் கும்பிடுவது புதிதில்லை, தப்புச் செய்தவர் போலக் கும்பிட்டது புதிது. சாப்பிட்டுவிட்டுப் போங்க அண்ணா என்றாள் அவள். மீன் குழம்பு ருசியாகத்தான் இருந்திருக்கும். தேசப்பன் ருசி பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்.

விசாரணை நாளில் அதிகாரி மரியாதையாகவே நடத்தினார். நாற்காலி போட்டார், தமிழிலேயே கேட்டார். மீஞ்சூர் டப்பாவைக் காட்டி, இவர் உங்கள் அனுமதியோடு, உங்கள் மேற்பார்வையில் செய்கிறாரா என்றார். அனுமதி உண்டா? உண்டு. எழுத்தில் இருக்கிறதா? இல்லை. சரக்கு உங்களுடையதா? முதலில் என்னுடையது, இப்போது இல்லை. நாளைக்கே நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாரா? பூவராகவன் தேசப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும், நிலைமையைக் கொஞ்சமாவது தூக்கி நிறுத்தலாம். தேசப்பனுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் இங்கே சொல்வது எப்படியாவது மீஞ்சூருக்கு எட்டிவிடும் என்ற பயம் அவரை விடவில்லை. ஆதிநாராயணனும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“நிறுத்த சொல்ல முடியாது சாமி. அது அவுங்களுது. பொண்ணோட குடுத்தது.”

அதிகாரி எழுதிக்கொண்டார். காளத்தி ஓர் ஊரின் பெயர், ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தங்கள் தங்கள் சரக்குக்கு அதைப் போடுகிறார்கள், ஆகவே ஒருவருக்கென்று பதிய முடியாது என்று தீர்ப்பு வந்தது. இதில் அதிகாரியின் தவறு இம்மியும் இல்லை. சட்டத்தின் தவறு என்றும் சொல்ல முடியாது. யார்மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் தேசப்பனுக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

இந்தக் கூத்தின் உச்சம் இனிமேல்தான். அங்காளம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்த அடுத்த வருஷமே குப்புராஜுக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், யூனிபாரம். சுண்ணாம்பைத் தலைமுழுகினான். மிச்ச லேபிள்களை அஞ்சம்மாள் அடுப்புப் பற்றவைத்தே தீர்த்தாள். மகளைப் பார்க்கப் போன தேசப்பன், அடுப்பங்கரையில் காவடிப் படம் கருகுவதைப் பார்த்துவிட்டு, பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். எதற்காக அந்தச் சீரைக் காப்பாற்றினோம் என்று கேட்டால், மகள் அந்த வீட்டில் சிரித்துக்கொண்டு நடமாடுகிறாளே, அதற்காகத்தான். அதையே திரும்பத் திரும்பத் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

காளத்தி என்று போட அவருக்கும் தடையில்லை. எல்லோருக்கும் பொது என்றால் அவருக்கும் சேர்த்துத்தான் பொது. ஆனால் ஒரே அலமாரியில் இரண்டு காளத்தி இருந்தால், ஒன்றில் வாய் வெந்தவர்கள் இரண்டையும் ஏசினார்கள், ஏசுவதற்குக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார்கள். வாரத்துக்கு ஒருவராவது கொட்டகை வாசலில் நின்று அப்பாவைத் திட்டிவிட்டுப் போவது தேசப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் லேபிள் ஒட்டுவதை நிறுத்தினார். வேறு பெயர் வேண்டுமென்று பூவராகவனிடம் போனார். ஊர் வேண்டாம், ஆள் வேண்டாம், சாமி வேண்டாம், அர்த்தமே இல்லாத சொல்லாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதிவார்கள் என்று வக்கீல் சொன்னார். தேசப்பன், மணியம்மாள் இரண்டிலிருந்தும் இங்கிலீஷ் எழுத்துகளைப் பிய்த்து, வால் ஒன்றைச் சேர்த்து, ‘டிமானோ’ என்று அவரே செய்து கொடுத்தார். அது ஒரு ஆட்சேபமும் இல்லாமல் பதிவாயிற்று. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

எழுபத்திரண்டில், கவரப்பேட்டை மணவாளன் கடையில் டிமானோ டப்பாக்களை வைத்துவிட்டுத் தேசப்பன் நின்றுகொண்டிருந்தார். முன்பு வைத்ததில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்த செல்லியம்மாள் என்ற பெண்பிள்ளை வெற்றிலையும் காளத்தியும் கேட்டாள். மணவாளன் கோபுரம் போட்ட டப்பாவை எடுத்துவிட்டு, தேசப்பனைப் பார்த்து, மனசு கேட்காமல், இதில் வாய் வேகும் அம்மா, இதோ இவர் காளத்தியின் சொந்த மகன், இவர் செய்த சுண்ணாம்பு இது, இதை எடுத்துக்கொள் என்று டிமானோவை நீட்டினார்.

அவள் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து தெரியாது போலிருக்கிறது, என்ன பெயர் என்று கேட்டாள். மணவாளன் சொன்னார். அது ஊரா, ஆளா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்று தேசப்பனே சொன்னார். தன் கையால் மூடியைத் திறந்து, கொஞ்சம் வாயில் வைத்துப் பார் தாயி என்று நீட்டினார். அவள் தொடவில்லை.

“காளத்தி புள்ளன்னா காளத்தின்னு பேரு போட வேண்டியதுதான? பெத்தவரு பேர போட வெக்கப்படறவன் ஊட்டு சரக்கு எனுக்கு எதுக்கு? ஊரு பேரு தெரியாதத வாயில வெக்கமாட்டேன். நீ காளத்தியே குடு மணவாளா, வெந்தா வெந்துட்டு போவுது.”

மணவாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேசப்பன் வேண்டாமென்று தலையை அசைத்தார். செல்லியம்மாள் கோபுர டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனாள். தேசப்பன் டிமானோவை மூடி, அலமாரியில் மற்ற டப்பாக்களோடு வைத்தார்.